இருபத்திரண்டு மில்லிமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில், "இனிமே ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லைம்மா, கஷ்டப்படுத்தாம தூங்க வெச்சிடலாம்" என்று ஒரு டாக்டர் என் நாயைப் பற்றிச் சொன்னார். நான் முடியாது என்றேன். அப்படிச் சொல்லும் தைரியம் எனக்குள் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் மறுநாளே, நான் தலைகுனிந்து நிற்கும்படியான இன்னொன்றும் தெரியவந்தது. ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் அது முழு உண்மையாக இருக்காது.

நான் மண்ணூர்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். குவாலிட்டி செக்‌ஷன் என்று பெயர்தான் பெரிசு. இரும்பைக் கடையும் லேத் மெஷினிலிருந்து வரும் பின், புஷ் போன்ற சின்னப் பாகங்களை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அளவு சரியாக இருந்தால் பச்சைத் தட்டிலும், தப்பாக இருந்தால் சிவப்புத் தட்டிலும் போடுவேன். பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே ட்யூப்லைட். என் கணவர் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அம்பத்தூரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம்.

எங்கள் கம்பெனி வாசலில் மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று, என் பையிலிருந்த வறுத்த பட்டாணிப் பொட்டலத்தைக் கிழித்துத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டது. அப்படித்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். பெயரும் பட்டாணி ஆயிற்று. நிறமோ சாம்பல் கலந்த பழுப்பு. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். தெருநாய்தான். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியது. பல் வலி என்று நினைத்தேன். வேலப்பன்சாவடி மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா தாடையைத் தொட்டார், பிறகு தோளுக்கு முன்னால் தொட்டார், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் தொட்டார். அவர் முகம் மாறியது. ஊசியால் குத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. உடம்பில் ஆங்காங்கே இருக்கும் நிணநீர்க் கட்டிகளில் உட்கார்ந்துகொண்டு வளர்வது.

"குணமாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா கீமோ கொடுத்தா அடங்கும். அடங்கினா சந்தோஷமா ஓடியாடிட்டு இருப்பா, பல மாசம், சில சமயம் வருஷத்துக்கு மேலயும். அடங்குச்சா, திரும்ப தலையெடுக்குதான்னு நாம பாத்துகிட்டே இருக்கணும். அதுதான் முக்கியம்."

எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்போம், கட்டிகளைத் தொட்டுப் பார்ப்போம் என்றார். எனக்கு அந்த 'தொட்டுப் பார்ப்போம்' பிடிக்கவில்லை.

"போன வாரத்தைவிட சின்னதாயிருக்குன்னு விரலுக்கு எப்படி டாக்டர் ஞாபகம் இருக்கும்?"

அவர் சிரித்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். வெர்னியர். நான் தினமும் பிடிக்கிற அதே சாமான். "அளந்துதான் எழுதுவோம். நீங்க வீட்லயும் அளந்து எழுதிட்டு வந்தா எனக்கு இன்னும் நல்லது" என்றார். நான் அதை வாங்கி விரலால் நகர்த்திப் பார்த்தேன். புற்றுநோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரே சடங்கு. தாடையில் இரண்டு, தோளில் இரண்டு, முட்டிக்குப் பின்னால் இரண்டு, ஆக ஆறு கட்டி. வெர்னியரின் இரும்பு சில்லென்று பட்டால் பட்டாணி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் முதலில் என் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வேன். என் கணவர் தட்டில் தயிர்ச் சோறு வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார். அவள் நக்கி முடிப்பதற்குள் ஆறையும் அளந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதுவேன். முதல் ஞாயிறு தாடை நாற்பத்தொன்று மில்லிமீட்டர். இரண்டாவது ஊசிக்குப் பிறகு இருபத்தாறு. ஐந்தாவது வாரம் பதினாறு. அதற்கு மேல் இறங்கவில்லை. "இதுதான் அவளுக்கு நார்மல். அடங்கிடுச்சு" என்று டாக்டரம்மா என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னபோது, பரீட்சையில் பாஸானதுபோல் இருந்தது. அடுத்த நாள் காலை பட்டாணி பழையபடி பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள். பால்காரரும் "வந்துட்டியா" என்றார்.

ஊரில் எல்லோரும் பால்காரர் மாதிரி இல்லை. கீழ் வீட்டு அம்மா, "மனுஷனுக்கே வைத்தியம் பாக்க வழியில்லாம கெடக்கிறான், நாய்க்குப் போய் கேன்சர் ஊசியா" என்று மாடிப்படியில் நின்று என் காதுபடச் சொல்வார். ஊசி போட்ட இரண்டு நாள் நான் கையுறை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் அவள் அசிங்கத்தை அள்ளிச் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு, நோய் பரவும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, மருந்தின் மிச்சம் கையில் படக்கூடாது என்பதற்காகத்தான் கையுறை என்று டாக்டரம்மா வாயாலேயே சொல்ல வைத்தேன். அதன்பின் கீழ் வீட்டு அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வருத்தப்படவில்லை.

என் கணவர் சொன்ன ஒன்றுதான் தைத்தது. அவர் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதில் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நான்காவது தடவை வெர்னியரை வைத்தபோது மெதுவாகச் சொன்னார்: "நீ அவளைப் பாக்கிறதே இல்ல. அளக்கிற, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. நான் பார்க்காமல் வேறு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றரை மாதம் ஓடியது. டாக்டரம்மா தன் அக்காவின் ஆபரேஷனுக்காக ஒரு மாத லீவில் ஊருக்குப் போனார். அவர் இடத்தில் ஒரு இளம் டாக்டர் வந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் நோட்டில் ஒரு எண் ஏறியது. இடது பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இருந்த கட்டி, பதினைந்தாக நின்றிருந்தது, ஒரு ஞாயிறு பதினெட்டு. என் கை நடுக்கம் என்று நினைத்து ஐந்து தடவை அளந்தேன். பதினெட்டுதான். அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு. மற்ற ஐந்தும் அசையவில்லை. ஆனால் அந்த ஐந்தை நான் கவனிக்கவே இல்லை. இருபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாணி அந்த வாரம் முழுக்கச் சுருண்டு படுத்திருந்தாள், எப்போது பார்த்தாலும் பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தாள். மருந்துச் சோர்வு என்று எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் அயப்பாக்கம், திருவேற்காடு வழியாக அவளைக் கொண்டுபோனோம். இளம் டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். அதை மறைக்கக்கூடாது.

"இவ்வளவு தெளிவா யாரும் எழுதிட்டு வரமாட்டாங்கம்மா. ஆனா இது என்ன சொல்லுதுன்னா, மருந்து நடந்துகிட்டு இருக்கும்போதே ஏறுது. இந்த அளவு ஏறினா நோய் திரும்பிடுச்சுன்னுதான் எடுத்துக்கணும். அடுத்த கட்ட மருந்தெல்லாம் இவ தாங்கமாட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். தூங்க வைப்பது. நான் கொண்டுபோன நோட்டையே சாட்சியாக வைத்து அவளுக்குத் தீர்ப்பு.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "டாக்டர் சொல்றாருல்ல" என்றார். அவருக்கு அவள் மேல் என்னைவிட ஒரு பிடி அதிகம் பாசம்தான்.

அப்போது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். பல வருடம் முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில், வயசாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் சரிங்க என்று தலையாட்டிக் கூட்டி வந்தேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன பரிசோதனை செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார், தெரியும். ஆனாலும் கேட்கவில்லை என்பது இன்னும் என்னோடு இருக்கிறது.

"முடியாது டாக்டர்" என்றேன். "முதல்ல நோய் இருக்குன்னு எப்படிச் சொன்னீங்க? ஊசியால குத்தி எடுத்துப் பாத்துதானே? திரும்ப வந்துடுச்சுங்கிறதையும் அப்படியே பாத்துச் சொல்லுங்க. என் நோட்டை வெச்சுச் சொல்லாதீங்க."

"அம்மா, ரிசல்ட் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் அவளுக்கு..."

"நாலு நாள் நான் பாத்துக்கிறேன்."

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டார். அந்தக் கட்டியில் ஊசி இறங்கும்போது பட்டாணி என் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைய கீமோ ஊசியைப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் பட்டாணி எங்கள் இருவர் மடியிலும் நீளப் படுத்திருந்தாள். திருவேற்காடு தாண்டியபோது என் கணவர், "நீ பண்ணது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. ஆனா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அளந்த பீஸை எந்தத் தட்டில் போட்டேன் என்பதே நினைவில் இல்லை. எங்கள் லேத்தில் நிற்கும் ஆபரேட்டர், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். சரியான பீஸையெல்லாம் சிவப்பில் போட்டிருந்தேன்.

"இன்னாக்கா, நல்ல பீஸெல்லாம் செவப்புல போட்டுகினு கீற. நாய்க்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். ஒரு கட்டி இருபத்திரண்டுக்கு ஏறியதையும், முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதையும். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மத்ததெல்லாம்?"

"மத்தது அஞ்சும் அப்படியேதான் இருக்கு."

"ஒரே மெசின்ல ஆறு பீஸு வருது. அஞ்சு கரீக்டா கீது, ஒண்ணு மட்டும் தப்பா கீது. நீ இன்னா பண்ணுவ? மெசினையே தூக்கிக் கடாசுவியா?"

"அந்த ஒண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்பேன்."

"அப்ப பாத்தியா? அந்தக் கால்ல இன்னா கீதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் அந்தக் காலைப் பிடித்திருக்கிறேன், முட்டிக்குப் பின்னால் வெர்னியர் வைத்திருக்கிறேன், ஆனால் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரிடம் அரைநாள் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பட்டாணி வாசல் கதவுக்கு உள்ளே, வழக்கமாக நான் வேலைச் செருப்பு விடுகிற இடத்தில் படுத்திருந்தாள். நோய் வந்ததிலிருந்து அதுதான் அவள் இடம். நான் வேலையிலிருந்து வந்து கழற்றிய செருப்பின் மேல் படுத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து, இடது பின்னங்காலை மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவே ரோமம் ஈரமாக ஒட்டியிருந்தது. விலக்கினால் உள்ளே சிவந்து புடைத்து, நடுவில் ஒரு புள்ளி சீழ். தொட்டதும் முனகினாள். உடம்பு கொதித்தது. அவள் அந்தக் காலை நக்கிக்கொண்டே இருந்தாள், நான் சோர்வு என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் அடுத்த டிரிப்பை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். மத்தியான வெயிலில் மறுபடி வேலப்பன்சாவடி. இளம் டாக்டர் பாதத்தைப் பார்த்ததும் விளக்கை அருகே இழுத்தார். மரத்துப்போக மருந்து போட்டுக் கீறி, சின்ன இடுக்கியால் ஒன்றை வெளியே இழுத்து எஃகுத் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது.

"என்னம்மா இது, கம்பியா?"

எனக்கு அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்தது. மெஷினில் இரும்பைக் கடையும்போது சுருண்டு விழுகிற சீவல். சூட்டில் லேசாக நீலம் பாரித்த, அரை நகம் நீளம்கூட இல்லாத சுருள். எங்கள் கம்பெனித் தரை முழுக்க அது கிடக்கும், செருப்பின் அடியில் ஏறிக்கொள்ளும். அதே செருப்பைத்தான் நான் வாசலுக்கு உள்ளே விட்டேன். அதன் மேல்தான் அவள் படுத்தாள். ஆறு இடத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்த நான்தான், அவள் காலில் அதை ஏற்றியும் வைத்தேன். ஒருவேளை அன்றைக்கு நானும் தலையாட்டியிருந்தால், என் செருப்பில் வந்த ஒரு சீவலுக்காக அவளைத் தூங்க வைத்திருப்போம்.

டாக்டரிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் பட்டாணியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். "கால்ல புண் இருந்தா அந்தப் பக்கக் கட்டி வீங்கும்மா. இது நான் படிச்ச முதல் பாடம். நேத்து நானும் பாதத்தைத் தூக்கிப் பாக்கல. நோட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

வயதில் எங்களைவிட எவ்வளவோ சின்னவர், படித்தவர், எங்கள் முன்னால் அப்படிச் சொன்னது பெரிய மனசு. அவர் மேல் இருந்த என் கோபம் அங்கேயே போய்விட்டது. இருவரும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தோம்.

ஆபத்து அதோடு தீரவில்லை. கீமோவால் அவள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. அந்தச் சின்னப் புண்ணே அவளைக் கொண்டுபோயிருக்கும் என்றார். இரண்டு நாள் அங்கேயே வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை ஊசிப் பரிசோதனையின் முடிவு வந்தது. இளம் டாக்டரே போன் செய்தார். "புற்று அணு ஒண்ணுகூட இல்லைம்மா. புண்ணோட வீக்கம்தான்" என்றார். போனை வைத்துவிட்டு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனிமே அளக்கும்போது நான் காலைப் பாத்துக்கிறேன்" என்றார். அந்த வேலையை அவர் கடைசிவரை விடவில்லை. காது, வாய், நகம், வால் அடி எல்லாம் அவர் இலாகா. வெர்னியர் மட்டும் என்னுடையது. வேலைச் செருப்பு அன்றே மாடிப்படிக்குக் கீழே போனது.

மூன்று வாரத்தில் இருபத்திரண்டு மறுபடி பதினைந்தானது. லீவு முடிந்து வந்த டாக்டரம்மா விட்ட இடத்திலிருந்து ஊசியைத் தொடர்ந்தார். பட்டாணி கீமோவை முழுசாக முடித்தாள். அதன்பிறகு பதினான்கு மாதம் ஓடினாள், குரைத்தாள், கீழ் வீட்டு அம்மா காயவைத்த வடகத்தில் வாய் வைத்து எனக்குப் பழைய பகையைப் புதுப்பித்துக் கொடுத்தாள். நாய்க்குப் போயா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். அவளை அவர்கள் முன்னால் சும்மா நடத்திக்கொண்டு போவேன்.

பதினைந்தாவது மாதம் ஆறும் சேர்ந்து ஏறின. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஆறும். என் கணவர் காலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார். எங்கும் புண் இல்லை. அன்றைக்கும் நான் பரிசோதனை செய்யச் சொன்னேன். இந்தத் தடவை நோய்தான். வேறு மருந்து கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரம் இறங்கியது, பிறகு இறங்கவில்லை. அவள் தயிர்ச் சோற்றையும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய அன்று, நானே டாக்டரம்மாவிடம் போதும் என்றேன். யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மடியில்தான் தூங்கினாள்.

எதிர்த்து நின்றதால் நோயை ஜெயித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு மாதம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடியாது என்று சொல்லி வாங்கியது. இனி எந்த உயிருக்கானாலும், சரியாகப் பார்க்காமல் எல்லாம் முடிந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப்போவதில்லை, அப்படிச் சொல்வது நானே ஆனாலும்.